விளம்பரத்தில் ‘முழு இணக்கம்’, ஒப்பந்தத்தில் ‘பொறுப்பில்லை’: மென்பொருள் வாங்கும் சிறு வணிகர்களின் சிக்கல்

சைனாடவுனில், ஸ்ரீ மாரியம்மன் ஆலயக் கோபுரம் தெரியும் தூரத்தில் துணிக்கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடையில் ஊழியர்கள் ஆறு பேர். உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் மூவாயிரம் பேர். ரசீது போடுவது, சரக்குக் கணக்கு பார்ப்பது, சம்பளம் கணக்கிடுவது, பிறந்தநாள் தள்ளுபடி பற்றிக் குறுஞ்செய்தி அனுப்புவது என எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருளை மாதச் சந்தாவுக்கு வாங்குகிறார்.

விற்பனையாளர் காட்டிய விளம்பரத்தில் மூன்று வரிகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முழுமையாக இணங்கியது. பொருள் சேவை வரி விதிமுறைகளுக்கு ஏற்றது. மத்திய சேம நிதிச் சந்தாவைத் தானாகவே சரியாகக் கணக்கிடும்.

ஆனால், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தைத் தட்டியபோது அவர் ஏற்றுக்கொண்ட ஆங்கில ஒப்பந்தம் வேறு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. மென்பொருள் ‘உள்ளது உள்ளபடியே’ வழங்கப்படுகிறது. அது எந்தச் சட்டத்துக்கும் இணங்கும் என்று விற்பனையாளர் உத்தரவாதம் அளிக்கவில்லை. நட்டம் ஏற்பட்டால், கடந்த 12 மாதங்களில் செலுத்திய சந்தாவுக்கு மேல் இழப்பீடு கிடையாது.

கடையும் கடைக்காரரும் கற்பனை. ஒப்பந்த வாசகங்கள் அப்படியல்ல. உலகப் பெருநிறுவனங்கள் முதல் உள்ளூர்ச் சிறு விற்பனையாளர்கள் வரை மென்பொருள் விற்போரின் பொது ஒப்பந்தங்களில் இவை வழக்கமாகக் காணப்படுபவை. விளம்பரத்தை எழுதியது விற்பனைப் பிரிவு, ஒப்பந்தத்தை எழுதியது சட்டப் பிரிவு. வாங்குபவர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே படிக்கிறார்.

தவறு நேரும் நாளில் அதிகாரிகள் யாரிடம் வருவார்கள் என்பதுதான் இங்குள்ள உண்மையான கேள்வி. சிங்கப்பூரில் அதற்கான பதில் ஏறத்தாழ பத்து ஆண்டுகளாகவே தெளிவாக உள்ளது.

கே பாக்ஸ் காட்டிய பாடம்

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2ஆம் தேதி நடப்புக்கு வந்தன. இரண்டரை மாதங்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ‘கே பாக்ஸ்’ கராவோக்கே நிறுவனத்தின் ஏறத்தாழ 317,000 உறுப்பினர்களின் விவரங்கள் இணையத்தில் வெளியாயின.

உறுப்பினர் விவரங்களைக் கையாண்ட கணினி அமைப்பை உருவாக்கி நிர்வகித்தது ‘ஃபைனான்டெக்’ என்ற மென்பொருள் விற்பனை நிறுவனம். விசாரணையில் பல ஓட்டைகள் தெரியவந்தன. யாரும் பயன்படுத்தாத நிர்வாகக் கணக்கு ஒன்று நீக்கப்படாமலே இருந்தது. அதன் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. 

2016 ஏப்ரலில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தீர்ப்பளித்தது. மென்பொருள் விற்பனையாளருக்கு 10,000 வெள்ளி அபராதம், கே பாக்ஸுக்கு 50,000 வெள்ளி. அதாவது, கணினி அமைப்பை உருவாக்கியவரைவிட அதை வாங்கியவர் ஐந்து மடங்கு அதிகம் செலுத்த நேரிட்டது. தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்காதது, விற்பனையாளர் என்ன செய்கிறார் என்பதைக் கண்காணிக்காதது ஆகியவை கே பாக்ஸின் தவறுகளாகச் சுட்டப்பட்டன.

இதற்கான அடிப்படை சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு நிறுவனம் தனக்காக இன்னொருவரைத் தரவைக் கையாள வைத்தாலும், தானே கையாண்டதைப் போன்ற அதே கடமைகள் அதற்கு உண்டு என்று சட்டம் கூறுகிறது. தரவைக் கையாளும் விற்பனையாளருக்கும் கடமைகள் உள்ளன. ஆனால் அவை குறைவு. பாதுகாப்பாக வைத்திருப்பது, தேவையில்லாதபோது அழிப்பது, கசிவு ஏற்பட்டால் வாடிக்கையாளர் நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிப்பது என்ற அளவோடு அவை முடிந்துவிடுகின்றன. 

இதற்கு நேர்மாறான விகிதத்தில் அபராதம் விதிக்கப்பட்ட வழக்கும் உண்டு. 2018ல் சிங்ஹெல்த் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களைத் திருடினர். அவர்களில் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்துக் குறிப்புகளும் களவுபோயின. 2019 ஜனவரியில் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அதன் தகவல் தொழில்நுட்பப் பணிகளைக் கவனித்த ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் கட்டமைப்பு நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டது. தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு அதிகம் என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. அப்போதும் ‘எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம்’ என்பது சிங்ஹெல்த்தைக் காப்பாற்றவில்லை.

சிறு வணிகர்களுக்கு இன்னும் நெருக்கமான நிகழ்வு 2024ல் நடந்தது. ‘எசினெடிக்’ என்ற ஒரே தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்திய உரிமம்பெற்ற கடன்கொடுப்பு நிறுவனங்கள் 12. அந்த ஒரு நிறுவனத்தின் கட்டமைப்புக்குள் ஊடுருவல் நடந்ததில் பன்னிரண்டின் வாடிக்கையாளர்களும் பாதிக்கப்பட்டனர். மொத்தம் 128,000க்கும் அதிகமானோர். கடன் வாங்கியவர் தம் விவரங்களை நம்பி ஒப்படைத்தது கடன்கொடுத்தவரிடம். பின்னணியில் இருந்த மென்பொருள் நிறுவனத்தின் பெயரைப் பெரும்பாலோர் அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ‘மொபைல் கார்டியன்’ செயலியில் ஏற்பட்ட ஊடுருவலால் 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கற்றல் சாதனங்களிலிருந்த தகவல்கள் அழிந்தன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் அகற்ற முடிவெடுத்தது. அமைச்சால் அப்படி ஒரே நாளில் முடிவெடுக்க முடிகிறது. ஆறு பேர் வேலைசெய்யும் கடைக்கு மென்பொருளை மாற்றுவது என்பது மூன்று மாத வேலை.

விற்பனையாளர் தயங்குவது ஏன்?

விற்பனையாளர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர்களின் தயக்கத்தில் நியாயமான பகுதியும் உண்டு.

முதல் காரணம், சட்டத்துக்கு இணங்குவது என்பது மென்பொருளின் குணமே அன்று. அது ஒரு நிறுவனத்தின் நடத்தை. எவ்வளவு பாதுகாப்பான மென்பொருளாக இருந்தாலும், காசாளர் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கணினித் திரையில் ஒட்டிவைத்தால் அங்கே இணக்கம் இல்லை. உறுப்பினராகச் சேர வந்தவரிடம் தேவையில்லாமல் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கினால், அதைப் பதிவுசெய்த மென்பொருள் குற்றவாளி ஆகாது. 

சம்பளக் கணக்கிலும் இதேதான். சிண்டா சந்தாவை எடுத்துக்கொள்வோம். இந்திய வம்சாவளி ஊழியர்களின் சம்பளத்திலிருந்து, ஊதியத்துக்கு ஏற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை பிடித்து, மத்திய சேம நிதிக் கழகம் வழியாகச் செலுத்துவது முதலாளியின் கடமை. ஊழியரின் இனம் என்ன என்பதை மென்பொருளில் பதிவுசெய்வது கடையில் இருப்பவர். அங்கே தவறான கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கணக்கு தவறிவிட்டது என்று மென்பொருள்காரரைக் குறைசொல்ல முடியாது.

இரண்டாவது காரணம், விதிமுறைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பொருள் சேவை வரி 2023 தொடக்கத்தில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, 2024 தொடக்கத்தில் 9 ஆனது. மத்திய சேம நிதிக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 2023 செப்டம்பரிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 2025ல் 7,400 வெள்ளியையும் 2026ல் 8,000 வெள்ளியையும் எட்டியது. 55 வயதுக்கு மேல் 60 வயது வரையிலான ஊழியர்களுக்கான மொத்தச் சந்தா விகிதம் 2025ல் 32.5 விழுக்காடு, 2026ல் 34 விழுக்காடு. இன்று இணங்கிய மென்பொருள் ஜனவரி முதல் தேதியன்று இணங்காததாகிவிடலாம்.

மூன்றாவது காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அது விலை. மாதம் 80 வெள்ளி சந்தா என்றால் ஆண்டுக்கு 960 வெள்ளி. கே பாக்ஸுக்கு விதிக்கப்பட்டதைப் போன்ற 50,000 வெள்ளி அபராதத்தை விற்பனையாளர் ஏற்பதாக இருந்தால், அது 52 ஆண்டுச் சந்தாவுக்குச் சமம். இப்படியொரு பொறுப்பை ஆயிரம் வாடிக்கையாளர்களுக்கு ஏற்றுக்கொண்டால் ஒரே ஊடுருவலில் நிறுவனம் மூழ்கிவிடும். கடன்கொடுப்போர் 12 பேர் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால் இந்த அச்சம் வெறும் சாக்கு அல்ல என்பது புரியும்.

தவிர, உள்ளூர் விற்பனையாளரும் சொந்தக் காலில் நிற்பவர் அல்லர். அவரது மென்பொருள் அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் மேகக் கணினிச் சேவைகளில் இயங்குகிறது. அமேசானின் மேகச் சேவை, ‘பகிரப்பட்ட பொறுப்பு’ என்ற ஏற்பாட்டை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. தரவு நிலையத்தின் பாதுகாப்பு தன்னுடையது, அதில் வாடிக்கையாளர் எதை, எப்படி வைக்கிறார் என்பது வாடிக்கையாளருடையது. மேலிருந்து கீழே வரும் ஒவ்வொரு படியிலும் பொறுப்பின் ஒரு பகுதி அடுத்தவரிடம் தள்ளப்படுகிறது. கடைசிப் படியில் துணிக்கடைக்காரர் நிற்கிறார். அவருக்குக் கீழே தள்ளிவிட யாரும் இல்லை.

எல்லை எங்கே?

ஆகவே, ‘நீங்கள் எந்தச் சட்டத்தையும் மீறமாட்டீர்கள் என்று உத்தரவாதம் தருகிறோம்’ என்று ஒரு விற்பனையாளர் எழுதித் தரவேண்டும் என எதிர்பார்ப்பது நடக்காத காரியம். ஆனால் அதே விற்பனையாளர் விளம்பரத்தில் மட்டும் அந்த வாக்குறுதியைத் தருவது எப்படிச் சரியாகும்?

அமெரிக்காவில் இந்த இடைவெளியைக் கூட்டரசு வர்த்தக ஆணையம் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறது. பல் மருந்தகங்களுக்கான ‘டென்ட்ரிக்ஸ்’ மென்பொருளை விற்ற ‘ஹென்ரி ஷைன் பிராக்டிஸ் சொலுஷன்ஸ்’ நிறுவனம், நோயாளிகளின் தகவல்களைத் துறைத் தரத்துக்கு ஏற்ப மறையாக்கம் செய்வதாகவும் மருத்துவத் தகவல் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற உதவுவதாகவும் விளம்பரப்படுத்தியது. உண்மையில் பயன்படுத்தப்பட்டது அந்தத் தரத்துக்குக் குறைவான முறை. அது நிறுவனத்துக்கும் தெரிந்திருந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2016ல் 250,000 அமெரிக்க டாலர் செலுத்தி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 

2025 ஜனவரியில் இன்னொரு வழக்கு. ‘அக்செசிபி’ என்ற நிறுவனம், தன் செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் சேர்த்தால் எந்த இணையத்தளமும் உடற்குறையுள்ளோர் பயன்படுத்துவதற்கான அனைத்துலகத் தர விதிகளுக்கு இணங்கிவிடும் என்று விற்றுவந்தது. அந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று கூறிய ஆணையம், ஒரு மில்லியன் டாலர் செலுத்தும்படி கோரியது.

இவ்விரு வழக்குகளிலும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வாடிக்கையாளரான பல் மருத்துவர் சட்டத்தை மீறினாரா இல்லையா என்பதற்குள் ஆணையம் போகவில்லை. மென்பொருள் என்ன செய்யும் என்று சொல்லப்பட்டதோ அதைச் செய்ததா என்பதை மட்டுமே பார்த்தது. இந்த வேறுபாடுதான் முக்கியம். வாடிக்கையாளரின் இணக்கத்துக்கு விற்பனையாளர் உத்தரவாதம் தர இயலாமல் இருக்கலாம். தம் மென்பொருள் என்ன செய்கிறது என்பதற்கு உத்தரவாதம் தர இயலாது என்று சொல்ல அவருக்கு எந்த நியாயமும் இல்லை. தரவு மறையாக்கம் செய்யப்படுகிறதா, எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது, புதிய மத்திய சேம நிதி விகிதம் ஜனவரி சம்பளத்துக்கு முன்பே சேர்க்கப்படுமா போன்றவை அவருடைய கட்டுப்பாட்டில் மட்டுமே உள்ளவை. இவற்றைக்கூட ‘உள்ளது உள்ளபடியே’ என்ற போர்வைக்குள் மூடுவது தயக்கம் ஆகாது, தப்பித்தல்தான்.

சிங்கப்பூரில் வாங்குபவருக்கு இருக்கும் பாதுகாப்பு இந்த விஷயத்தில் சற்று விசித்திரமானது. நுகர்வோர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் பொய்யான கூற்றுகளிலிருந்து பொதுமக்களைப் பாதுகாக்கிறது. துணிக்கடையில் பட்டு என்று சொல்லி வேறு துணியை விற்றால் வாடிக்கையாளர் அந்தச் சட்டத்தை நாடலாம். அதே கடைக்காரர் தம் தொழிலுக்காக மென்பொருள் வாங்கும்போது அவர் ‘நுகர்வோர்’ அல்லர், வணிகர். அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. பேரம் பேசும் பலத்தில் அவருக்கும் வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சி வாங்குபவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றாலும்கூட.

பேரத்தில் பலம் குறைந்தவருக்கு முற்றிலும் வழியில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 1977ல் இயற்றப்பட்ட நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் சிங்கப்பூரிலும் நடப்பில் உள்ளது. ஒரு தரப்பு முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருக்கும் பொது ஒப்பந்தத்தின் மூலம் தன் பொறுப்பைத் தட்டிக்கழித்தால், அந்த வாசகம் நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயலாம். இரு தரப்பின் பேர பலம், இழப்பைத் தாங்கும் வசதி, காப்பீடு ஆகியவை கணக்கில் கொள்ளப்படும்.

மென்பொருள் தொடர்பில் இதற்கான புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகர மன்றம் தொடுத்த வழக்கு. உள்ளூர் வரியை நிர்ணயிக்க நகர மன்றம் ‘ஐசிஎல்’ நிறுவனத்தின் மென்பொருளை வாங்கியது. அதிலிருந்த பிழையால் மக்கள்தொகை ஏறத்தாழ 3,000 பேர் கூடுதலாகக் காட்டப்பட்டது. அதன் அடிப்படையில் வரி குறைவாக நிர்ணயிக்கப்பட்டு, மன்றத்துக்கு ஏறக்குறைய 1.3 மில்லியன் பவுண்டு நட்டம். ஒப்பந்தப்படி ஐசிஎல்லின் பொறுப்பு 100,000 பவுண்டுடன் முடிந்துவிடும். நிறுவனமோ 50 மில்லியன் பவுண்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தது. அந்த உச்சவரம்பு நியாயமற்றது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டுத் தொகையைக் குறைத்தாலும், உச்சவரம்பு செல்லாது என்ற முடிவு நிலைத்தது.

இதே ஐசிஎல்தான் பின்னர் ஃபுஜிட்சுவின் கைக்குச் சென்று, பிரிட்டிஷ் அஞ்சல் நிலையங்களின் ‘ஹொரைசன்’ மென்பொருளை வழங்கியது. கணக்கில் வந்த பற்றாக்குறைக்கு மென்பொருளைச் சந்தேகிக்காமல், கிளை அஞ்சல் நிலையம் நடத்தியவர்களைச் சந்தேகித்ததால் 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். தெற்காசிய வம்சாவளியினர் பலரும் அவர்களில் அடங்குவர். கணினி சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு, கடைசிப் படியில் நின்றவர்கள் கொடுத்த விலை அது.

ஆனால் செயின்ட் ஆல்பன்ஸ் ஒரு நகர மன்றம். வழக்கறிஞர்களை வைத்து ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த அதற்கு வசதி இருந்தது. சைனாடவுன் கடைக்காரருக்கு எட்டக்கூடியது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கு 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது, ‘எழுத்தில் என்ன இருக்கிறது?’ என்பதாகவே இருக்கும். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்னதும் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரப் படமும் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று கூறும் விதி, பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

‘அரசாங்கப் பட்டியலில் இருக்கும் மென்பொருள்தானே’ என்பது கடைக்காரர்கள் பலரின் நிம்மதி. இந்த நிம்மதியைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தின்கீழ் முன்கூட்டியே ஏற்கப்பட்ட மென்பொருள்களை வாங்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கிறது. அந்தத் தீர்வு மானியத்துக்குத் தகுதிபெறுகிறது என்பதே அதன் பொருள். அதை வாங்கும் கடை எல்லாச் சட்டங்களுக்கும் இணங்கிவிட்டது என்பதல்ல. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் கணக்கியல் மென்பொருள் பதிவேடும் அப்படியே. அதில் பெயர் இருப்பது நல்ல தொடக்கம். ஆனால் வரிப் படிவத்தில் தவறு இருந்தால் கேள்வி வருவது கடைக்காரருக்குத்தான். கவனக்குறைவால் குறைத்துக் காட்டிய வரிக்கு, அந்தத் தொகையின் இருமடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

தரவுப் பாதுகாப்பு நம்பிக்கை முத்திரை, இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022ல் அறிமுகப்படுத்திய ‘சைபர் எசென்ஷல்ஸ்’ முத்திரை ஆகியவை இன்னும் எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. இவை ஒரு நிறுவனத்தின் நடைமுறைகளை மதிப்பிட்டு வழங்கப்படுபவை. விற்பனையாளர் அந்த முத்திரையைப் பெற்றிருந்தால், அவர் தம் அலுவலகத்தை ஒழுங்காக நடத்துகிறார் என்று நம்பலாம். அவர் விற்கும் மென்பொருளுக்கு அது சான்றிதழ் ஆகாது. வாங்கும் கடைக்கு நிச்சயமாக ஆகாது. இருப்பினும், முத்திரை உள்ள விற்பனையாளரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டால் முன்னவரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கசிவு ஏற்பட்ட பிறகு, ‘விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருந்தேன்’ என்று கடைக்காரர் காட்டக்கூடிய ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

கேட்கக்கூடிய கேள்விகள்

‘நீங்கள் பிடிபிஏ இணக்கமா?’ என்று கேட்டால் எந்த விற்பனையாளரும் ஆம் என்பார். அந்தக் கேள்வியால் பயனில்லை. விளம்பரத்திலுள்ள ஒவ்வொரு கூற்றையும் ஓர் உண்மைச் செய்தியாக மாற்றி, அதை எழுத்தில் கேட்பதுதான் பயன்தரும். 

வாடிக்கையாளர் விவரங்கள் எந்த நாட்டுக் கணினியில் இருக்கின்றன? சென்னையிலோ மணிலாவிலோ இருக்கும் உதவிப் பிரிவினரால் அவற்றைப் பார்க்க முடியுமா? வெளிநாட்டுக்குத் தரவு போனால் அங்கும் இணையான பாதுகாப்பை உறுதிசெய்யும் கடமை சிங்கப்பூர் நிறுவனத்துக்கே உண்டு என்பதால் இது வெறும் ஆர்வக் கேள்வி அன்று. சந்தாவை நிறுத்தினால் தரவு எத்தனை நாளில் அழிக்கப்படும்? பொருள் சேவை வரிப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற நிலையில், அழிப்பதற்கு முன் அவற்றைப் படிக்கக்கூடிய கோப்பாகத் தருவார்களா? 

இவற்றில் மிக அவசரமானது கசிவு பற்றிய கேள்வி. 500 அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்தால், அது தெரிவிக்கவேண்டிய கசிவு என்று முடிவுசெய்த மூன்று நாள்களுக்குள் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். 2021 பிப்ரவரி முதல் இது கட்டாயம். மூவாயிரம் உறுப்பினர்கள் கொண்ட துணிக்கடைக்கும் இது பொருந்தும். ஆனால் கசிவு நடப்பது விற்பனையாளரின் கணினியில். அவர் சொல்லாமல் கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. ‘தாமதமின்றி’ என்று சட்டம் சொல்வதை ‘24 மணி நேரத்துக்குள், இந்தத் தொலைபேசி எண்ணுக்கு’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதற்கு எந்த விற்பனையாளருக்கும் பெரிய செலவு ஆகிவிடாது. அதற்கும் மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

சம்பள மென்பொருளில் விகித மாற்றம் பற்றிய கேள்வி வரவேண்டும். 57 வயது ஊழியர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 2,500 வெள்ளி என்றால், 2025ன் விகிதமே 2026லும் தொடர்ந்தால் மாதம் ஏறத்தாழ 37 வெள்ளி குறையும். சிறு தொகைதான். ஓராண்டு கவனிக்கப்படாவிட்டால் 450 வெள்ளி. தாமதத்துக்கு மாதம் 1.5 விழுக்காடு வட்டி. பணத்தைவிட, ஓய்வுக்காலத்தை நெருங்கும் ஊழியரின் சேமிப்பில் விழுந்த ஓட்டை அது. புதிய விகிதம் உரிய நேரத்தில் சேர்க்கப்படாவிட்டால் வட்டியை விற்பனையாளர் ஏற்பார் என்ற ஒரு வரியைக் கேட்பது அளவுக்கு மீறிய கோரிக்கை அல்ல. அந்தத் தவறு முழுக்க முழுக்க அவருடையது.

நடைமுறையில் தனியொரு கடைக்காரர் இப்படிக் கேட்டால், ‘இது எல்லாருக்கும் பொதுவான ஒப்பந்தம், மாற்ற முடியாது’ என்ற பதில் வரக்கூடும். மாதம் 80 வெள்ளி தரும் வாடிக்கையாளருக்காக யாரும் வழக்கறிஞரை அழைத்து வாசகத்தைத் திருத்தப்போவதில்லை. இங்கேதான் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் லிஷா, சைனாடவுனில் வர்த்தகர் சங்கம், தேசிய அளவில் சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபை ஆகியவை உள்ளன. மின்னிலக்கமயமாகுங்கள் என்று உறுப்பினர்களை ஊக்குவிக்கும் பயிலரங்குகளுக்குப் பஞ்சமில்லை. அதே ஊக்கத்தோடு, நூறு கடைகளின் சார்பில் ஒரே ஒப்பந்த வாசகத்தை முன்வைத்துப் பேசினால் விற்பனையாளரின் கணக்கு மாறும். 80 வெள்ளி அப்போது 8,000 வெள்ளி ஆகிறது. அந்த வாசகத்தின் பொருளைத் தமிழிலும் மாண்டரினிலும் விளக்கும் இரண்டு பக்கத் தாளையும் சேர்த்துத் தந்தால், ஆங்கில ஒப்பந்தத்தைப் படிக்காமலே தட்டும் பழக்கம் ஓரளவு குறையும்.

அரசாங்கத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. மானியப் பட்டியலில் இடம்பெறும் மென்பொருள்கள், விளம்பரத்தில் சொல்லும் அடிப்படை அம்சங்களையாவது ஒப்பந்தத்திலும் சொல்லவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். செலவில் பாதி வரை பொதுப் பணத்திலிருந்து போகும்போது அப்படிக் கேட்க உரிமை உண்டு.

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாத நிலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. விலைப்பட்டியல் தகவல்களை ‘இன்வாய்ஸ்நவ்’ கட்டமைப்பு வழியாக உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பும் கடப்பாடு, புதிதாக அமைக்கப்பட்டு, பொருள் சேவை வரிக்குத் தாமாக முன்வந்து பதிவுசெய்யும் நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1ஆம் தேதி முதல் பொருந்துகிறது. தாமாக முன்வந்து புதிதாகப் பதிவுசெய்யும் மற்ற வணிகங்களுக்கும் அது பொருந்தும் நாள் 2026 ஏப்ரல் 1. காகிதத்தில் கணக்கு எழுதி, ஆண்டு முடிவில் கணக்காளரிடம் கொடுக்கும் வழி அவர்களுக்கு இல்லை. அந்தக் கட்டமைப்போடு இணையும் ஏதாவது ஒரு மென்பொருளை அவர்கள் பயன்படுத்தியே ஆகவேண்டும்.